ஒலிநாடா அறைகளைத் திறந்து வையுங்கள்: தமிழ் நற்செய்தி வானொலி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் நற்செய்தி வானொலி நிகழ்ச்சிகளைத் தயாரித்த, இன்றும் தயாரித்துவரும் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், அவற்றைத் தாங்கி நிற்கும் திருச்சபைகளின் பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும்,

அன்பின் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

நான் உங்கள் பழைய நேயர்களில் ஒருவன். சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்குள் உங்கள் அறிவிப்பாளரின் குரலைத் தேடிப் பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவன். நேயர்களிடமிருந்து நன்றிக் கடிதங்கள் பெற்றுப் பழகியவர்கள் நீங்கள். இந்த மடலிலும் நன்றி உண்டு. ஆனால் இதை எழுத வைத்தது ஒரு கோரிக்கை, அதுவும் காலம் கடந்துகொண்டிருக்கும் கோரிக்கை. உங்கள் அலுவலகங்களில் எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்களையும், நேயர் கடிதங்களையும், நிகழ்ச்சிப் பதிவேடுகளையும் காப்பாற்றுங்கள். எவை இருக்கின்றன, எவை போய்விட்டன என்பதைப் பொதுவில் சொல்லுங்கள். அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

இதை ஏன் ஓர் அரசிடமோ பல்கலைக்கழகத்திடமோ கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன் என்று சொல்லியாக வேண்டும்.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் அதைப் பின்தொடர்ந்த விதிகளும் ஒலிபரப்பும் உரிமையை இந்திய அரசின் கையில் வைத்திருந்தன. அகில இந்திய வானொலி காலை நேரத்துப் பக்திப் பாடல்களில் கிறிஸ்தவப் பாடல்களுக்கும் இடம் கொடுத்தது. சுவிசேஷப் பிரசங்கத்துக்கு நேரம் விற்கவில்லை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதன்பின் தனியார் பண்பலை நிலையங்கள் பெருகிய காலத்திலும், மத அமைப்புகளுக்கு அந்த உரிமம் கிடையாது என்றே விதி எழுதப்பட்டது. பல சமயத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் அந்த எச்சரிக்கையின் காரணம் எனக்குப் புரிகிறது. அதோடு எனக்கு வழக்கு இல்லை. நான் சொல்ல வருவது அதன் விளைவை. தமிழ்நாட்டு நேயருக்கு நற்செய்தி வானொலி என்பது எப்போதும் கடலுக்கு அப்பாலிருந்தே வந்தது.

முதலில் கொழும்பு. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக இயங்கிய ஒலிபரப்பு வசதி போருக்குப் பின் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தது. 1950இல் அதன் வர்த்தகச் சேவை தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைக்க, பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் கூட்டமாகக் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். கட்டணம் செலுத்தி நேரம் வாங்கிய கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் அந்தக் கூட்டத்தின் நடுவே போய் நின்றன. தேவாலய வாசலை மிதித்தே இராதவர்களும், திரைப்பாடலுக்காகப் பெட்டியைத் திறந்தவர்களும், அடுத்து வந்த கீர்த்தனையையும் கால் மணி நேரச் செய்தியையும் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை மூடினார்கள். தேவாலயத்துக்குள் நடந்த எந்த ஊழியத்துக்கும் அப்படியொரு சபை வாய்த்ததில்லை.

பிறகு இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சேஷெல்ஸ். கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனமான ஃபீபா வானொலி 1970இல் மாஹே தீவிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. கரையோரப் பவளத் திட்டின்மேல், கடல்நீருக்குள் நின்றன அதன் ஆன்டெனாக் கோபுரங்கள். பெங்களூரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான குரல் நாடாவாகச் சுருண்டு அந்தத் தீவுக்குப் போய், அங்கிருந்து வானலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடல் தாண்டிக் கன்னியாகுமரிக் கரைக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலிருந்து இந்தியாவுக்கு வர ஒரு தமிழ்ப் பிரசங்கம் அத்தனை தூரம் சுற்றியது. சிற்றலையை இயக்கும் செலவு தாங்க முடியாமல் 2003இல் அந்த நிலையம் மூடப்பட்டது. இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் 882 கிலோஹெர்ட்ஸில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற இன்னொரு கிறிஸ்தவ வானொலி இரவு நேரங்களில் தென்தமிழ்நாட்டுக்குத் தெளிவாகவே எட்டியது.

கத்தோலிக்கரின் தரப்பில் மணிலா. வெரித்தாஸ் வானொலி 1969இல் தொடங்கியது. 1986இல் பிலிப்பைன்ஸ் மக்கள் எழுச்சியின்போது அந்த நிலையம் ஆற்றிய பங்குக்காக மகசேசே விருது கிடைத்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தமிழர்கள் நினைவில் வைத்திருப்பது வேறொன்றை, அதற்குப் பின்னர் வருகிறேன். 2018 ஜூன் மாத இறுதியில் வெரித்தாஸ் ஆசிய வானொலி சிற்றலையை முற்றாகக் கைவிட்டு இணையத்துக்குப் போனது.

கொழும்பு, மாஹே, புத்தளம், மணிலா. இவற்றில் எந்த நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் தமிழ்ப் பிரசங்க நாடாவைக் காக்கும் கடமை இல்லை. டெல்லியில் அகில இந்திய வானொலிக்குப் பெரிய ஒலிக் காப்பகம் இருக்கிறது. தலைவர்களின் உரைகளும் சங்கீத மேதைகளின் கச்சேரிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உங்கள் அறிவிப்பாளரின் குரல் அங்கே இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அது ஒருநாளும் அந்த வானொலியின் குரலாக இருந்ததில்லை. எந்த அரசின் வீட்டிலும் பிறக்காத பிள்ளைக்கு எந்த அரசும் பிறப்புச் சான்று எழுதி வைக்காது. ஆகவே பொறுப்பு முழுவதும் உங்களுடையது. உங்கள் அலமாரியில் இல்லாதது உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று எண்ணிக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

நம் முன்னோர் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அன்று தொடங்கி அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள், தமிழ் ஓலைச்சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ஃபிராங்கே அறநிலையத்தில் இன்றும் இருக்கின்றன. சீகன்பால்கின் காலத்தில் இங்கிருந்த தமிழர்களிடம் சமயமும் வழக்கமும் பற்றிக் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை வாங்கி, ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தமிழர், கிறிஸ்தவர் அல்லாதவர், இந்தப் புதிய போதனையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை இன்று நாம் படிக்க முடிகிறது. ஆனால் 1975இல் இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு ஒருவர் அஞ்சலட்டையில் எழுதியது எங்கே போயிற்று? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி நமக்கு இருட்டாகிவிடப் போகிறது. கப்பலில் ஆறேழு மாதம் பயணம் செய்து போன காகிதம் பிழைத்திருக்கிறது. மோட்டார் வேனில் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போன காகிதம் பிழைக்கவில்லை.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்துக்கு எழுதி, அவர்களுடைய பழைய கீர்த்தனைப் பதிவுகளைப் பற்றிக் கேட்டேன். புதிய கட்டடத்துக்கு மாறியபோது இடம் போதாமல் பழைய நாடாக்களைக் கழித்துவிட்டதாக அன்பாகவே பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கம் அல்ல. அந்தக் கடிதத்தில் இருந்த அமைதிதான் என்னைக் கலங்கடித்தது. எழுதியவருக்கு அதில் இழப்பு ஒன்றும் தெரியவில்லை. ஊழியம் முன்னோக்கி நடக்கிறது, பழையவை வழியில் உதிர்கின்றன என்ற எண்ணம் அதில் இருந்தது. இந்த எண்ணத்தோடு நான் உறுதியாக முரண்படுகிறேன். ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த இடத்தில், ஒன்றும் வீணாகிவிடாதபடி மீந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. பசியாற்றிய பிறகும் துண்டுகளுக்கு மதிப்பு உண்டு என்று சொன்ன ஒருவரைப் பின்பற்றுகிறவர்கள் கிடங்கைக் காலிசெய்வதில் இன்னும் கொஞ்சம் தயங்க வேண்டும்.

இந்த நாடாக்களில் பிரசங்கம் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் காலத்திலிருந்து வரும் கீர்த்தனை மரபு இருக்கிறது. அதே பாட்டு நாசரேத்தில் பாடப்பட்ட விதமும் யாழ்ப்பாணத்தில் பாடப்பட்ட விதமும் ஒன்றல்ல. ஆர்மோனியமும் தபலாவும் வயலினும் வைத்துப் பாடிய சிற்றூர்ப் பாடகர் குழுக்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு இசைத்தட்டு கிடையாது, கேசட் கிடையாது. அவர்கள் குரல் பதிவான ஒரே இடம் உங்கள் ஒலிப்பதிவுக் கூடம்தான். வானொலி நாடகங்கள், பெண்களுக்கான உடல்நலப் பேச்சு, விவசாயக் குறிப்பு, சிறுவர் கதை எல்லாம் உண்டு. எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவே, எல்லா ஊர்க்காரருக்கும் எல்லாச் சாதியாருக்கும் புரியும் ஒரு பேச்சை உங்கள் அறிவிப்பாளர்கள் உருவாக்கினார்கள். தமிழ் உரைநடையைப் பற்றி ஆராய்கிறவர்கள் அதைக் கேட்க வேண்டாமா?

இப்போது வெரித்தாசுக்கு வருகிறேன். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் தடை செய்யப்பட்ட பொருள். மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, அயலவர் எல்லாம் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றும் கை சோர்ந்தால் குரலும் சோரும், இன்னொருவர் கைமாற்றிக்கொள்வார். அப்படிக் கேட்கப்பட்டவை இரண்டு: லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். 1995 அக்டோபர் 30இல் போர் நெருங்கி வர, குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறிய அந்தக் காலத்தில், ஒரு திருச்சபை வானொலி தங்களைப் பற்றிப் பேசியது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கிருந்து வந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார். கேட்டவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். நற்செய்தி வானொலியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய அத்தியாயம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நாட்களின் ஒலிபரப்புகளை முழுமையாகக் கேட்கும் உரிமை அந்த மக்களின் பிள்ளைகளுக்கு உண்டு. வெரித்தாஸ் தமிழ்ப் பணியின் இன்றைய பொறுப்பாளர்களே, அந்த ஆண்டுகளின் நாடாக்களைத்தான் முதலில் எடுத்துப் பாருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சிற்றலை நிலையம் ஒன்றுக்குத் தன் குரல் எங்கே எட்டியது என்று அறியக் கடிதத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சிலர் வானொலிப் பித்தர்கள். சமிக்ஞையின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்து இலக்கத்தில் அறிக்கை எழுதி, பதிலுக்கு வரும் வண்ண அட்டைக்காகக் காத்திருப்பார்கள். அஞ்சல்வழி வேதபாடத்தில் சேர்ந்து, விடைத்தாளோடு சந்தேகங்களும் அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் ஏராளமானவர்கள், பெண்கள் அதிகம், ஊரில் எவரிடமும் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதினார்கள். குடிக்கிற கணவன், திருமணமாகாத மகள், வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் விசுவாசம், சாகலாம் என்ற எண்ணம். ஜெபிக்கும்படி கேட்டு, வீட்டு முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்றும் எழுதியிருப்பார்கள். இந்தக் கடிதங்களை அப்படியே இணையத்தில் ஏற்றுவது துரோகம். நான் கேட்பது அதுவல்ல. பெயரும் ஊரும் மறைத்து, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பூட்டி வைத்து, பொறுப்பான ஆய்வாளருக்கு மட்டும் நிபந்தனையோடு திறக்கும் வழிமுறை உலகத்து ஆவணக் காப்பகங்களில் எல்லாம் உண்டு. அந்தரங்கத்தைக் காப்பதற்கு எரிப்பதுதான் வழி என்று சிலர் முடிவு செய்வதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெண்களின் துயரத்துக்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இருந்திருக்காது.

நாடா விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். காந்த ஒலிநாடாவின் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே கருவியில் ஓட்டினால் துகள் உரிந்து ஒலி அழியும். 1970களிலும் 80களிலும் வந்த சில நாடாக்களில் இந்த நோய் மிகுதி. தேர்ந்தவர்கள் அவற்றை ஐம்பது டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் மெல்லச் சூடாக்கி, தற்காலிகமாகத் தேற்றி, அந்த இடைவெளியில் பிரதி எடுப்பார்கள். அதற்கும் முந்தைய அசிடேட் நாடா கெடும்போது காடி நாற்றம் அடிக்கும். சென்னையின் கடற்காற்றும் பூஞ்சையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆர்வத்தில் பழைய கருவியைத் தூசி தட்டி எடுத்து ஒவ்வொரு சுருளாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். கருவியும் இனி அரிது. யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கின: 2025 வாக்கில் நாடா ஓட்டும் கருவியும் உதிரிபாகமும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் இல்லாமல் போவார்கள் என்றன. அந்த ஆண்டு வந்தும் விட்டது.

எண்முறைக்கு மாற்றுவதிலும் ஒரு வேண்டுகோள். சில ஊழியங்கள் பழைய செய்திகளைச் சுருக்கிய கோப்புகளாக்கி, முன்னும் பின்னும் புதிய இசை சேர்த்து, இரைச்சலை வடிகட்டி யூடியூபில் ஏற்றியிருக்கின்றன. கேட்பவர்களுக்கு நல்லது, காப்பகத்துக்கு அது போதாது. காப்பகப் பிரதி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், எதையும் வெட்டாமல், அறிவிப்பாளர் தொண்டையைச் செருமியது உட்பட, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். நாடாப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதியிருக்கும் தேதியையும் பெயரையும் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். ஒரு பிரதி உங்கள் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்துப் பதிவுகளுக்கு ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனம் என்று கேட்டுப் பார்க்கத் தகுந்த கதவுகள் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுகள். அதுவரை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியார் யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆர்வம் உள்ள இளைஞர்கள் உங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். காணிக்கை கொடுப்பவர் புதிய நிகழ்ச்சிக்குக் கொடுப்பார், பழைய நாடாவுக்குக் கொடுக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அவரிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? அவருடைய தாயார் எழுதிய கடிதம் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி வரலாறு எழுதுவதைப் பற்றி. நிறுவனங்களின் பொன்விழா மலர்களில் பலவற்றைப் படித்திருக்கிறேன். நிறுவனர், வெளிநாட்டு மிஷனரி, கட்டடத் திறப்பு, மனம் திரும்பியவர்களின் சாட்சிகள் எல்லாம் இருக்கும். நாடாவை வெட்டி ஒட்டிய தொழில்நுட்பர் இருக்க மாட்டார். நாளெல்லாம் கடிதம் பிரித்துப் பதில் தட்டச்சு செய்த பெண்கள், குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் பெயரில்லாமல் நிற்பார்கள். சம்பளம் தாமதமான மாதங்கள் இருக்காது. தமிழ் நிகழ்ச்சியில் என்ன பேசலாம் என்று வெளிநாட்டு அலுவலகம் தீர்மானித்ததா, தமிழர்கள் தீர்மானித்தார்களா என்ற தகராறு இருக்காது. கீர்த்தனைக்கு இடம் கொடுப்பதா, மேல்நாட்டு ராகத்துப் பாமாலைக்குக் கொடுப்பதா என்ற வாக்குவாதம் இருக்காது. நிலையம் ஏன் மூடப்பட்டது என்பது ஒரே வாக்கியத்தில், தேவசித்தம் என்று முடிந்திருக்கும். தேவசித்தத்தை நானும் நம்புகிறேன். அதோடு டீசல் செலவையும், மாதாந்தர வரவையும், நிர்வாகக் குழுவின் தீர்மானத்தையும் சேர்த்தே எழுதலாம். இராஜாக்களின் புத்தகங்கள் தங்கள் ராஜாக்களின் குற்றங்களை மறைக்கவில்லை. நாம் நமது நிறுவனங்களின் கஷ்டங்களை மறைக்க வேண்டியதில்லை.

முதல் தலைமுறை அறிவிப்பாளர்கள் பலர் போய்விட்டார்கள். இருப்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும் போதும் அவர்களிடம் பேச. பெரிய கேள்விகள் தேவையில்லை. எந்த அறையில் பதிவு செய்தீர்கள், விசிறியை நிறுத்துவீர்களா, ஒரு நாளில் எத்தனை நிகழ்ச்சி, தவறு வந்தால் என்ன செய்வீர்கள், நாடா எந்த வழியாகப் போனது, சுங்கத்தில் நின்றதா, முதல் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

உங்களில் ஒவ்வொரு நிறுவனமும் முதற்படியாக ஒரே ஒரு பட்டியல் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். எங்களிடம் இத்தனை நாடாச் சுருள்கள், இத்தனை கேசட்டுகள், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை கடிதக் கோப்புகள். இந்த இந்த ஆண்டுகளுக்கு உரியவை இப்போது இல்லை. அவ்வளவுதான். இல்லை என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம், ஏனென்றால் உங்களிடம் இல்லாத ஆண்டு ஒரு நேயரின் வீட்டில் இருக்கலாம். வானொலியிலிருந்து கேசட்டில் பதிவு செய்து வைத்தவர்கள் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். அட்டைகளையும் அட்டவணைகளையும் சேர்த்து வைத்திருக்கும் நேயர் மன்றத்தினர் இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த மீட்டர் அலை, யாருடைய குரல் என்று அடையாளம் சொல்ல எங்களால் முடியும். கூலி கேட்க மாட்டோம். பட்டியல் வெளிவந்தால், எங்களிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
சிற்றலைக் காலத்து நேயர் ஒருவர்